குழந்தைப் பாட்டும் குழந்தையின் பாட்டும்

பழையோர் திருமுட்டம் என வழங்கிய ஸ்ரீமுஷ்ணம், கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்கு மேற்கே உள்ள ஊர். ஊர்ப்பெயரைச் சொன்ன அளவிலே பூவராகர் கோயிலும், அதன் பதினாறுகால் மண்டபத்துச் சிற்பங்களும், மாசித் திங்களில் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் தீர்த்தவாரியும் அறிஞர் நினைவிற்கு வரும். யாம் அங்குச் சென்றது இவற்றின் பொருட்டன்று. எம் ஆய்வு மாணவர் ஒருவர் அவ்வட்டாரத்துச் சிறுவர் விளையாட்டுப் பாடல்களைத் தொகுத்து வருகின்றார். தொகுத்தவற்றை நேரிற் கேட்டறிய விரும்பிச் சில நாள் அவருடன் தங்கினோம். அப்போது ஊர்ப்புறத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில், இரண்டாம் வகுப்பில் கேட்ட ஒரு பாடலே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பாடல் புதியதன்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் பற்றிப் பாடியது; தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயின்றார் பலரும் அறிந்தது. ஆசிரியை முதலடியைத் தொடங்கிவிட்டு வாளா இருந்தார். பிள்ளைகள் தொடர்ந்தனர். யாம் வியந்தது அவர்கள் தொடர்ந்த முறையை. எவரும் ஏவாமலே சன்னலோரத்துப் பிள்ளைகள் பசுவாயினர். சுவரோரத்துப் பிள்ளைகள் கன்றாயினர். ஓரடியை ஒரு பாதியார் பாட, அடுத்த அடியை மறுபாதியார் வாங்கிப் பாடினர். இங்ஙனம் பிரித்துப் பாடக் கற்பித்தவர் யார் என ஆசிரியையை வினவினோம். “நான் சொல்லித் தரவில்லை ஐயா. போன வருஷத்துப் பிள்ளைகளும் இப்படித்தான் பாடினார்கள்” என்றார்.

அவ்விடை எம்மை நெடுநேரம் பற்றி நின்றது. சென்ற ஆண்டுப் பிள்ளைகளும் இவ்வாண்டுப் பிள்ளைகளும் ஒரே வகையாற் பிரித்துப் பாடுவராயின், அப்பிரிவு பாட்டினுள்ளேயே இருத்தல் வேண்டுமன்றோ? மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு வந்தனர் என்று கொண்டாலும், அவர்க்கு அது தோன்றியது எவ்வாறு என்னும் வினா எஞ்சும். பல்லாண்டு அப்பாடலைப் பயின்றும் பயிற்றுவித்தும் வந்த எம் கண்ணுக்கு அது புலப்படவில்லை. ஒன்றை மறையாது கூறிவிடுதல் நன்று. முன்னொருகால் பள்ளிப் பாடநூல் ஒன்றன் ஆக்கத்திற்கு உதவியபோது, இதே பாடலின் அடியில் ‘இப்பாடலால் அறியப்படும் நீதி யாது?’ என்னும் வினாவை எழுதிச் சேர்த்தவர் யாமே. அவ்வினாவிற்கு மாணாக்கர் யாது விடை எழுதியிருப்பர் என்று இப்போது எண்ணுங்கால் நாணமே மிகுகின்றது. பாட்டில் நீதி இல்லை. நீதி இன்மையே அதன் நிறை என்பதை ஸ்ரீமுஷ்ணத்துப் பிள்ளைகள் எமக்கு உணர்த்தினர்.

பாட்டின் அமைப்பைச் சிறிது நுணுகிக் காண்போம். அடிகள் எட்டு. ஒற்றைப்படை அடிகள் நான்கும் பசுவின் பெயரால் முடிகின்றன. இரட்டைப்படை அடிகள் நான்கும் கன்றின் பெயரால் முடிகின்றன. பசுவின் அடி முடிந்த இடத்தில் ஒரு சிறு தனிச்சொல் தொங்கி நின்று, அடுத்த அடியைக் கைநீட்டி அழைக்கின்றது. பாடும் பிள்ளைகள் மூச்சை வாங்கிக் கொள்வதும் மற்றைப் பாதியார் ஆயத்தமாவதும் அத்தனிச்சொல்லின் மேல்தான். இனிப் பொருளைப் பார்த்தால், தாய்க்கு நான்கு செயல், கன்றுக்கு நான்கு செயல். தாய் மேய்கின்றது, அழைக்கின்றது, நக்குகின்றது, முத்தமிடுகின்றது; கன்று துள்ளுகின்றது, ஓடி வருகின்றது, குடிக்கின்றது, முட்டிக் குடிக்கின்றது. முதலில் இரண்டும் விலகி நிற்கின்றன; அழைப்பொலி கேட்டதும் அண்மையில் வருகின்றன; ஈற்றில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அடிதோறும் தொலைவு குறைகின்றது. வகுப்பின் இரு பாதியாரும் பாடப்பாட ஒருவரை நோக்கி ஒருவர் சாய்ந்து வந்ததை யாம் கண்டோம். அக்குறிப்பு எழுத்தில் எங்கும் இல்லை. பாட்டின் நடையில் இருக்கின்றது.

பசுவின் நிறம் ஒன்றைத் தவிர அடைமொழி என்று எடுத்துக்காட்ட ஏதுமில்லை. எல்லாம் வினை. உருசிய எழுத்தாளர் கர்னேய் சுக்கோவ்ஸ்கி (1882–1969) ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்ற நூலில் குழந்தைப் பாவலர்க்குச் சில கட்டளைகள் வகுத்தார். குழந்தைக்குரிய பாட்டில் அடைமொழி மலிதலாகாது, வினையே மிகுதல் வேண்டும், காட்சிகள் விரைந்து மாறுதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. பொருள்களின் பண்பைக் காட்டிலும் அவற்றின் செயலே இளங்குழந்தையின் கருத்தைக் கவரும் என்பது அவர் காட்டும் காரணம். கவிமணி அந்நூலை அறிந்திருத்தல் வேண்டும் என்று யாம் கூற வரவில்லை. பல்லாண்டு ஆசிரியத் தொழிலில் இருந்தவர் அவர். ஒருவர் நூலாற் கண்டதை மற்றொருவர் வகுப்பறையிற் கண்டார் எனக் கொள்வதே பொருத்தம்.

வினைமுற்றுகளின் வடிவம் பற்றியும் ஒரு சொல். அவை பேச்சு வழக்கின் வடிவில் நிற்கின்றன. ‘கொச்சை’ என்று ஒதுக்குவாரும் உளர். எம் முதுகலை மாணவர் சிலரைக் கொண்டு அவ்வினைகளை எழுத்து வழக்கிற்கு மாற்றிப் பார்த்தோம். ‘ஓடுது’ என்பது நேர் நிரை, கூவிளம். ‘ஓடுகிறது’ என்பது நேர் நிரை நிரை, கூவிளங்கனி. ஓரசை மிகுந்துவிடுகின்றது. அடிதோறும் இங்ஙனம் ஓரசை மிகவே, கைத்தட்டு நிற்க இடமின்றிப் பாட்டு நொண்டியது. கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டவர் நம் இலக்கண நூலார். அவ்வளவைக்கு முதற்சான்று குழந்தையின் கையே. அக்கை ஏற்றுக்கொண்ட வடிவத்தைக் கொச்சை என்று தள்ளுவார் யாப்பை ஏட்டில் மட்டும் கண்டவராவர்.

இனி, இத்தகைய பாட்டு நம் இலக்கிய மரபில் எவ்விடத்து நிற்கின்றது என ஆராய்தல் வேண்டும். குழந்தை தமிழ்ப் புலவர்க்குப் புதிய பொருளன்று. தொல்காப்பியர் புறத்திணையியலில் குழவிப் பருவத்தையும் பாடுபொருளாகக் குறித்தார். புறநானூற்று 188 ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடை நம்பி, உணவைத் துழாவி மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் சிறு குழந்தையைக் காட்டி, மக்களில்லாத வாழ்வின் வெறுமையைச் சொன்னான். பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைமையை ஒரு தாயின் கண்ணாற் கண்டு பாடினார். பின்னர்ப் பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களாக விரிந்து தனியொரு சிற்றிலக்கிய வகையாக நிலைபெற்றது. இவற்றின் அருமையைக் குறைத்துக் கூறுதல் எம் நோக்கமன்று. எனினும் இவை யாவும் குழந்தையைக் கண்டு மகிழும் முதியோரின் பாட்டு. கேட்போரும் முதியோரே. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகிய சிறுதேரில், தேரை உருட்டுமாறு பாட்டுடைத் தலைவனைப் புலவர் இரந்து நிற்பார். உருட்டும் பிள்ளை பாடுவதில்லை. ஸ்ரீமுஷ்ணத்துத் தெருவில் நுங்கு வண்டி உருட்டிச் சென்ற சிறுவனைக் கண்டபோது எமக்குச் சிறுதேர்ப் பருவம் நினைவிற்கு வந்தது. அவன் ஓயாது பாடிக்கொண்டே சென்றான். அவன் பாடியதற்கு நம் பாட்டியல் நூல்களில் பெயரில்லை.

பெயர் அறவே இல்லை என்பதும் மிகையாகலாம். தொல்காப்பியர் செய்யுளியலில் பிசியையும் முதுசொல்லையும் பாட்டோடும் நூலோடும் ஒருங்கு வைத்து எண்ணினார். பண்ணத்தி என்ற ஒன்றையும் சுட்டினார். மக்கள் வாயில் வழங்குவனவற்றிற்கு இலக்கணத்தில் இடமளித்த அப்பேராசான் வழியைப் பின்னையோர் அகலப்படுத்தவில்லை என்பதே எம் குறை. சடுகுடுப் பாட்டை எடுத்துக்கொள்க. பாடுவோன் மூச்சு விடாது பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் புகுந்து, ஒருவனைத் தொட்டு மீளவேண்டும். ஆதலின் அப்பாட்டின் ஈற்றுச்சீர் தடையின்றி முதற்சீரிற் சென்று விழுதல் இன்றியமையாதது. இஃது ஓர் அந்தாதி. புலவர் அந்தாதியினும் கடியதோர் அந்தாதி. புலவர் அந்தாதியில் தொடை தவறினால் செய்யுள் பழுதுபடும். சடுகுடுவில் தவறினால் ஆட்டக்காரன் பிடிபடுவான். எம் மாணவர் தொகுத்த சடுகுடுப் பாடல்களில் பொருள் விளங்காதன பல. எனினும் மூச்சு இடறும் பாட்டு ஒன்றேனும் இல்லை. இடறியவை ஆடுகளத்திலேயே மடிந்திருத்தல் வேண்டும்.

நீதிநூல்களைப் பற்றி ஓரளவு விரித்துரைத்தல் கடமையாகின்றது. ஏனெனில் ‘குழந்தை இலக்கியம் நமக்குப் புதிதன்று, ஔவையார் அன்றே தந்துவிட்டார்’ என்பார் கூற்று இன்றும் கருத்தரங்குகளிற் கேட்கப்படுகின்றது. ஆத்திசூடி 109 அடி. கொன்றைவேந்தன் 91 அடி. எழுத்தின் வரிசையே இவற்றிற்குக் கோவை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுத்தை எழுதும் பிள்ளைக்கு, அவ்வெழுத்தை முதலாகக் கொண்ட ஓரடி வாயில் ஏறும். கையும் வாயும் ஒருசேரப் பயில்வதற்கு இதனினும் சிறந்த கருவி எம்மொழியிலேனும் உண்டோ என ஐயுறுகின்றோம். சட்டாம்பிள்ளை சொல்ல மற்றையோர் பின்தொடரும் முறையில், அச்சடித்த புத்தகம் இன்றியே பல தலைமுறைகள் எழுத்தறிந்தன. ஆயினும் அவ்வடிகளின் பொருள் அப்பருவத்திற்கு உரியதன்று. இன்று சொல்லி வைத்துக்கொள், பொருள் பின்னர் விளங்கும் என்பது அம்முறையின் உடன்படிக்கை. பலர்க்கு விளங்கவும் செய்தது. ஆதலின் ஆத்திசூடியைக் கற்கும் கருவி எனப் போற்றுதல் தகும். குழந்தைப் பாட்டு என வகைப்படுத்துதல் தகாது. அஃது ஏவுகின்றது. ஏவப்படுவோன் தானே ஏவலைப் பாடிக்கொண்டு தெருவில் ஆடமாட்டான்.

சிதம்பரத்தைச் சார்ந்து எழுதும் யாம் ஆறுமுக நாவலரை இவ்விடத்து நினையாது செல்லுதல் இயலாது. 1864 இல் அவர் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர்தம் பாலபாட நூல்கள் குழந்தைக்கென வகுத்த உரைநடைக்கு வழிகாட்டிகளாய் நின்றன. வாக்கியத்தைச் சிறிதாக்கி, சந்தியைப் பிரித்து, பொருளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த அவர் ஒழுங்கு பின்வந்த பாடநூலார் பலர்க்கும் முன்மாதிரி. அவ்வொழுங்கு உரைநடையில் எய்திய வெற்றியைப் பாட்டு எய்துவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அவ்வெற்றியின் ஒரு பகுதி நாவலர் பிறந்த யாழ்ப்பாணத்திலேயே நிகழ்ந்தது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பள்ளியாசிரியர். புலமை மிக்க பதிகங்களும் இயற்றியவர். அவர் புகழ் இன்றும் நிற்பது ஆடிப்பிறப்பைப் பற்றிய பாட்டாலும் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிய பாட்டாலும்தான். ஆடிப்பிறப்புப் பாட்டில் பேசுவோன் சிறுவன். கேட்போர் அவன் தோழர். நாளை விடுமுறை என்னும் மகிழ்ச்சியில் தொடங்கி, கூழும் கொழுக்கட்டையும் ஆக்கும் வகையைச் சொல்லிச் செல்கின்றது அப்பாட்டு. மாவு, வெல்லம், தேங்காய் என ஒவ்வொன்றாக அடுக்களையில் சேரச்சேர நாவில் நீர் ஊறுகின்றது. ஆசிரியராய் இருந்தும், பள்ளி இல்லாத நாளின் இன்பத்தைப் பாடும் துணிவு அவருக்கு இருந்தது. அத்துணிவை யாம் மிகப் பெரிதாக மதிக்கின்றோம்.

பாரதியாரின் பாப்பா பாட்டைப் பற்றி எம் கருத்தைக் கூறின் சிலர் சினப்பர். அப்பாட்டின் வரலாற்றுப் பெருமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. குழந்தையை விளித்து, அதன் முன் அமர்ந்து, தாழ்ந்த குரலில் பேசும் புதுமையை இந்நூற்றாண்டுத் தமிழர் அதனிடமே கற்றனர் எனச் சென்ற நூற்றாண்டின் நடுவில் அறிஞர் எழுதினர். அக்கூற்று இன்றும் பொருந்தும். ஆயினும் அஃது இரு பாட்டுகளின் இணைப்பு என்றே யாம் கருதுகின்றோம். குருவியும் கோழியும் காக்கையும் பசுவும் நாயும் வரும் முற்பகுதி ஒன்று. ஒழுக்கமும் நாடும் மொழியும் வரும் பிற்பகுதி மற்றொன்று. முற்பகுதியில் கவிஞர் குழந்தையோடு முற்றத்தில் நிற்கின்றார். பிற்பகுதியில் மேடையேறிவிடுகின்றார். அம்மேடையின் தேவை அவர் காலத்திற்கு எத்துணை இருந்தது என்பதை யாம் அறிவோம். ஆனால் ஸ்ரீமுஷ்ணத்துப் பிள்ளைகளைப் பாடச் சொன்னபோது பறவையும் விலங்கும் வரும் பகுதி தடையின்றி ஓடியது; பிற்பகுதியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். ஒரு பள்ளியிற் கண்டதைக் கொண்டு முடிவு கட்டுதல் ஆய்வு நெறியன்று என்பதை ஒப்புக்கொண்டே இதனைப் பதிவு செய்கின்றோம்.

பாரதியார் வழிவந்த பாரதிதாசனும் புதுவை அரசின் பள்ளிகளில் நெடுங்காலம் ஆசிரியராய் இருந்தவர். 1958 இல் வெளிவந்த ‘இளைஞர் இலக்கியம்’ அவர்தம் பிள்ளைப்பாடல்களின் தொகுதி. மயிலை சிவமுத்துவும் ஆசிரியரே. கவிமணியையும் சோமசுந்தரப் புலவரையும் இவர்களோடு சேர்த்து எண்ணினால், தமிழ்க் குழந்தைப் பாட்டின் பெரும்பகுதி வகுப்பறையிலிருந்தே பிறந்தது என்பது தெளிவாகும். அவர்கள் எழுதியதை மறுநாட் காலையிற் பாடிக் காட்ட ஒரு கூட்டம் எதிரே இருந்தது. கொட்டாவி விட்டால் பாட்டு தோற்றது என்று அன்றே தெரிந்துவிடும். இத்தகைய திறனாய்வாளர் வாய்த்த பாவலர் பேறு பெற்றவர்.

இப்பொதுநிலைக்கு விலக்காக நிற்பவர் அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் 1922 இல் பிறந்து, வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்குப் பாடியவர்; 1989 இல் மறைந்தார். நாள்தோறும் எதிரே அமரும் வகுப்பு அவருக்கு இல்லை. அக்குறையை அவர் வேறு வழியால் நிறைத்தார். 1950 இல் சென்னையிற் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற அவர் முதன்மையான காரணராயினார். எழுதுவோரும் கற்பிப்போரும் வெளியிடுவோரும் ஓரிடத்துக் கூடித் தாம் விரும்பியதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள அச்சங்கம் இடமாயிற்று. சிறுவர் இதழ்களின் ஆசிரியராய் இருந்தபோதும் புதியவரைத் தேடி எழுத வைத்தார். குழந்தை இலக்கியம் ஒருவர் தனித்துச் செய்யும் தொழிலன்று, கூட்டாகப் பேணும் விருப்பம் என அவர் கொண்டிருந்தமை அவர் செயல்களால் விளங்கும். அவர் பாடல்கள் அனைத்தும் ஒரு தரத்தன என யாம் கூறமாட்டோம். மிகுதியாக எழுதினார்; பாடநூலின் நீதிக்குரல் அவர் பாட்டில் இடையிடையே நுழைந்துவிடுவதும் உண்டு. அக்குரல் அடங்கி நகை மேலோங்கும் இடங்களில் அவருக்கு நிகர் இல்லை.

தட்டில் இருந்த எட்டு லட்டுகளைப் பற்றிய அவர் பாடலைச் சான்றாகக் கொள்ளலாம். அடிகள் எல்லாம் ஒரே இயைபில் முடிகின்றன. ஓரடியின் ஈற்றில் வந்த பொருள் அடுத்த அடியின் முதலில் மீண்டும் தோன்றி, பாட்டைச் சங்கிலியாகக் கோக்கின்றது. அண்ணன் நான்கு, தங்கை நான்கு. இறுதியில் தட்டு வெறுந்தட்டு. கழித்தற் கணக்கும் அதில் இருக்கின்றது, சமபங்கீடும் இருக்கின்றது. இரண்டையும் அவர் வாய்திறந்து கூறவில்லை. ‘இருவரும் பகிர்ந்து உண்ணவேண்டும்’ என ஓரடி ஈற்றில் சேர்ந்திருக்குமாயின் அப்பாட்டு அன்றே மாண்டிருக்கும். வெறுந்தட்டைக் காட்டி நிறுத்தியதில்தான் பாவலரின் திறம் இருக்கின்றது. அந்தாதியும் இயைபும் கற்பிக்க எம் முதலாண்டு முதுகலை வகுப்பில் இப்போது இப்பாட்டைத்தான் எடுத்துக்கொள்கின்றோம். தொடக்கத்தில் மாணவர் நகைத்தனர். பின்னர்த் தாமே இத்தொடையில் ஒரு பாட்டு எழுத முயன்றபோது நகைப்பு அடங்கிற்று. ஒருவரும் ஆறாம் அடியைத் தாண்டவில்லை.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இத்துறையைப் பொருட்படுத்தியவாறு போதுமா என்பது அடுத்த வினா. பூவண்ணன் குழந்தை இலக்கிய வரலாற்றை எழுதினார். அவ்வுழைப்பால்தான் முற்காலத்து நூல்களும் இதழ்களும் பலவற்றின் பெயர்களேனும் நமக்குக் கிடைத்தன. சாகித்திய அகாதெமி 2010 முதல் குழந்தை இலக்கியத்திற்குத் தனிப் பரிசில் வழங்கி வருகின்றது. ஆய்வேடுகளும் வந்துள்ளன. எனினும் யாம் மதிப்பிட நேர்ந்த ஆய்வேடுகள் பெரும்பாலும் பாடல்களில் வரும் கருத்துகளைத் தொகுத்தன: நாட்டுப்பற்று, தூய்மை, பெரியோரைப் பேணல் என இயல்கள் வகுக்கப்பட்டிருக்கும். பாட்டைப் பாடிக் கேட்டதற்கு அடையாளம் ஒன்றேனும் இராது. இஃது எம் பழைய வினாவை, ‘நீதி யாது’ என்பதை, முந்நூறு பக்கத்திற்கு விரித்ததே ஆகும்.

இங்கிலாந்தில் ஐயோனா ஓப்பியும் பீட்டர் ஓப்பியும் 1959 இல் வெளியிட்ட நூலைப் பலரும் அறிவர். ஏறத்தாழ 70 பள்ளிகளைச் சார்ந்த 5,000 பிள்ளைகளிடமிருந்து அவர்கள் வாய்வழக்குகளைத் திரட்டினர். கணவரும் மனைவியுமாகிய அவ்விருவரும் எப்பல்கலைக்கழகத் துறையையும் சார்ந்தவரல்லர். ஆசிரியர் பலர் தம் வகுப்பில் வழங்கியவற்றை எழுதித் திரட்டி அனுப்பி உதவினர். அவர்கள் கண்ட உண்மைகளுள் ஒன்று எமக்கு மிகவும் வேண்டற்பாலது. முதியோர் குழந்தைக்குக் கற்றுத்தரும் பாட்டு வேறு. குழந்தை குழந்தைக்குக் கற்றுத்தரும் பாட்டு வேறு. பின்னது முதியோர் காதுக்கு எட்டாமலே பல தலைமுறை கடந்து செல்லும். இவ்வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தைப் பாட்டிற்கு அளவுகோலாகக் கொள்ளலாம் என்பதே எம் துணிபு. ஒருவர் எழுதிய பாட்டு, பாடநூலிலிருந்தும் ஆசிரியர் வாயிலிருந்தும் நழுவிப் பிள்ளைகளின் கைமாற்றாக ஆகிவிடுமாயின் அதுவே வென்ற பாட்டு. ஆகாதது எத்துணைச் செவ்விய தமிழில் இருந்தாலும் குழந்தைக்காக எழுதப்பட்டது என்ற அளவிலே நின்றுவிடும்.

இவ்வளவுகோலை இடுவதற்கு நூலகம் போதாது. கற்பிப்போரோடு உறவு வேண்டும். இரண்டாம் வகுப்பு ஆசிரியை அறிந்த ஒன்றைப் பேராசிரியர் அறியாமல் இருத்தல் கூடும் என்பதற்கு இக்கட்டுரையே சான்று. மறுதலையாகவும் நிகழ்ந்தது. பசு–கன்று அடிகளின் அசைநிலையை யாம் விளக்கியபோது அவ்வாசிரியை, தம் வகுப்பில் சில பாடல்கள் ஏறாமைக்குக் காரணம் இப்போதுதான் தெரிகின்றது என்று கூறி, அவற்றுள் ஒன்றை எடுத்துவந்து எங்கே இடறுகின்றது என்று கேட்டார். மூன்றாம் அடியின் முதற்சீரில் இடறிற்று. அன்று மாலை பள்ளித் திண்ணையில் பிற ஆசிரியர் இருவரும் எம் மாணவரும் சேர்ந்து ஒவ்வொரு பாடலாகக் கைதட்டிப் பார்த்த அவ்வொரு நாழிகை, யாம் பங்குகொண்ட பல கருத்தரங்குகளினும் பயனுடையதாய் இருந்தது.

மறுநாள் நிகழ்ந்ததைக் கூறி முடிக்கலாம். பசுவும் கன்றும் முடிந்தபின், ஆட்டையும் குட்டியையும் வைத்து இவ்வாறு பாடமுடியுமா என ஆசிரியை பிள்ளைகளைக் கேட்டார். ‘ஆட்டுக்குட்டி’ உடனே அமைந்தது. ‘கன்றுக்குட்டி’க்கும் அதற்கும் அசை ஒன்றே. தாயின் பெயரில்தான் தொல்லை. ஒருவன் ‘கறுப்பாடு’ என்றான். பாடிப் பார்த்தனர், நிரையில் தொடங்கியமையால் முதற்கைத்தட்டிலேயே குழம்பிற்று. ‘செம்மறியாடு’ என்றாள் ஒரு சிறுமி. நாலசையாய் நீண்டு, தனிச்சொல்லுக்கு இடமில்லாது போயிற்று. பின்வரிசையிலிருந்து ஒருவன் ‘வெள்ளாடு’ என்றான். நேர் நேர் நேர், தேமாங்காய். பசுவின் பெயரோ நேர் நேர் நிரை, தேமாங்கனி. ஈற்றசையில் மட்டும் சிறு வேறுபாடு. அதனையும் ஈற்றெழுத்தைச் சற்று நீட்டிச் சரிசெய்துகொண்டனர். காய் என்றும் கனி என்றும் அறியாத வகுப்பு அது. அடுத்த இரண்டு இணையடிகளும் விரைந்து வந்தன. கடைசி இணையில் பிணக்கு மூண்டது. பசு முத்தமிடும் இடத்தில் வெள்ளாடு என்ன செய்யும்? முட்டும் என்றனர் சிலர். ஆடு தன் குட்டியை முட்டாது என்றனர் வீட்டில் ஆடு வளர்ப்போர். குட்டிதான் மடியை முட்டும், அவ்வடி கீழே வருகின்றது, இங்கே வேறு வேண்டும் என்றாள் செம்மறியைச் சொன்ன சிறுமி. மோந்து பார்க்கும் என்றான் ஒருவன். அது பாட்டில் அமையவில்லை. மணி அடித்துவிட்டது. எம் மாணவர் அடுத்த கிழமை மீண்டும் செல்கின்றார். அவ்வடி எவ்வாறு முடிந்தது என்று கேட்டு வருமாறு சொல்லியிருக்கின்றோம்.